மிச்சமான நிலக்கரி

அன்பு அக்காவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? அத்தான் ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா? இங்கே நடந்த கூத்தை நான் அன்றைக்கே கணித்துவிட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

புகையைக் குறைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவு வந்தது. பாய்லர் குழாய்களில் நீராவி ஒழுகிய இடத்தையெல்லாம் ஒற்றை ஆளாக நான்தான் அடைத்தேன். நிலக்கரி மலைமலையாக மிச்சமானது. முதலாளி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, “சபாஷ்!” என்றார். கொஞ்ச நாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, அக்கா.

பிறகு பக்கத்திலேயே இன்னொரு பாய்லர் வந்து இறங்கியது. இப்போது முன்னைவிடக் கரும்புகை. சூப்பர்வைசரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

“கரி மிச்சமானா புகை குறையும்னு சொல்லித்தானே என்னை வேலை வாங்குனீங்க?”

“மிச்சமானதைச் சும்மா வச்சிருப்பாங்களா, பெருசு? அதுலதான் அந்த பாய்லரே ஓடுது. இதுக்குப் பேருதான் வளர்ச்சி!”

என் விரலாலேயே என் கண்ணைக் குத்திவிட்டார்கள்.

உன் பழைய புடவை ஒன்றைக் கிழித்து அனுப்பு, மூக்கில் கட்டிக்கொள்ள. இங்கே துணி கிடைக்காமல் இல்லை. ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

முதலாளி கட்டிப்பிடித்தது மட்டும் நானாகச் சேர்த்த சரக்கு. அவர் சபாஷ் சொன்னது பாய்லரைப் பார்த்து. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

உன் தம்பி