பனியில் காயாத நாப்கின்கள்

ஜனவரி 4, வெள்ளி. ஆர்.கே.புரம்.

மூன்றாவது நாளாக வெயில் இல்லை. எதிர் பிளாக்கே தெரியவில்லை, அவ்வளவு பனி. துவைத்தது பதினெட்டு. காய்ந்தது நான்கு. நாற்காலி முதுகில், கதவு மேல், என் கணவரின் சைக்கிள் மீது, எங்கும் ஈரத்துணி. வீடு முழுக்க ஒரே வாடை.

வாங்க வேண்டியவை:
மூடி போட்ட வாளி (இப்போதிருப்பதற்கு மூடி இல்லை. தட்டை வைத்து மூடுகிறேன், சகிக்கவில்லை)
ரப்பர் ஷீட், இன்னும் ஒரு கஜம்
மர கிளிப் ஒரு டஜன்
ஊக்கு. தலையில் பிளாஸ்டிக் மூடி போட்டது. அவர் வாங்கி வந்தது புடவைக்குக் குத்துகிற ஊக்கு. நேற்று உமாவின் தொடையில் திறந்துகொண்டது. சிவப்பாக ஒரு புள்ளி. நல்ல வேளை, ஆழமில்லை.

உமாவுக்கு நாளையோடு மூன்று மாதம். என் லீவு 20-ஆம் தேதியோடு முடிகிறது. 21 திங்கள், ஆபீஸ். டைப் அடித்து விரல் மறந்தே போயிருக்கும்.

ஜனவரி 6, ஞாயிறு

கீழ்வீட்டு பல்பீர் ஆன்ட்டியோடு சண்டை. எங்கள் பால்கனிக் கொடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவருடைய பஞ்சு ரஜாய்ப் போர்வை மேல். கீழே நின்று கத்தினார்: "சூச்சூ கா பானி! மேரி ரஜாய் பர்!" மூத்திரத் தண்ணீராம். மன்னிப்புக் கேட்கப் போதுமான ஹிந்தி வாயில் வரவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் கணவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு: "வேலைய விட்டுரு. கொழந்தைய யார் பாப்பா? ஊர்லேர்ந்து வர ஆளும் கிடையாது."

"யோசிக்கலாங்க."

"யோசிக்க என்ன இருக்கு?"

சப்பாத்தி கருகிவிட்டது.

கடைசியாக வெளியே போனது எப்போது? டிசம்பரில், தடுப்பூசி போட. அதற்கப்புறம் மாடிப்படி கூட இறங்கவில்லை.

ஜனவரி 9, புதன்

வலது கையில் கட்டு. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலை பதினொன்றரை. அங்கீட்டி அடுப்பில் கரி போட்டு, மேலே சாம்பிராணிக் கூடையைக் கவிழ்த்து, ஆறு நாப்கின் காயப்போட்டிருந்தேன். உமா கட்டிலில் தூக்கம். மிச்சத்தைக் கொடியில் போடப் பால்கனிக்குப் போனேன். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்பக்கக் கொக்கி தானே விழுந்து மாட்டிவிட்டது.

தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. முன்கதவும் உள்ளே தாழ் போட்டிருக்கிறது. யார் வந்தாலும் திறக்க முடியாது. சிரிப்புத்தான் வந்தது முதலில். பிறகு கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூடையிலிருந்து ஒரு நாப்கின் நழுவிக் கரிமேல் கிடந்தது. புகை. கட்டிலுக்கும் அதற்கும் நாலடி.

"ஆன்ட்டிஜி! பச்சி அந்தர் ஹை! ஆக்!" குழந்தை உள்ளே, நெருப்பு என்று கத்தினேன்.

பல்பீர் ஆன்ட்டி ஸ்வெட்டர் ஊசியோடு வெளியே ஓடி வந்தார். மேலே பார்த்த உடனே: "ஷீஷா தோட், பேட்டி! தோட் தே!"

கண்ணாடியை உடை என்கிறார். அது தெரியாதா எனக்கு? துணி வாளி கையிலேயே இருந்தது. ஆனால் நின்றேன். எத்தனை நேரம்? பத்து மூச்சு இருக்கலாம். சர்க்கார் குவார்ட்டர்ஸ் கண்ணாடி, கணவர் கேட்டால் என்ன சொல்வது, என்று யோசித்துக்கொண்டு நின்றேன். உள்ளே என் குழந்தை. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

"சோச் க்யா ரஹி ஹை? தோட்!" என்ன யோசனை என்கிறார்.

உடைத்தேன். கையை விட்டுக் கொக்கியைத் தூக்கினேன். எரியத் தொடங்கியிருந்த துணியை இடுக்கியால் எடுத்து குளியலறை வாளித் தண்ணீரில் போட்டேன். ஜன்னலை எல்லாம் திறந்தேன். உமா விழித்து, இருமி, பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்கதவைத் திறந்ததும் ஆன்ட்டி உள்ளே வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். கட்டியது ஒரு நாப்கினால்தான். வேறு சுத்தமான துணி வீட்டில் இல்லை.

ஜனவரி 10, வியாழன்

உடைந்த இடத்தில் கணவர் அட்டை வைத்து ஆணி அடித்தார். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவ்வளவு பயந்தது எதற்கு?

ஆனால் சாப்பிடும்போது: "நீ வீட்ல இருக்கும்போதே இப்படி. நீ இல்லேன்னா?"

"வீட்லயே கெடக்கறதாலதான் இப்படி" என்றேன். எப்படி வந்ததோ வாயில்.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். வெயில்! பால் பொங்குமுன் பதினான்கு துணி காய்ந்துவிட்டது.

சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு கீழே போனேன். வேறு யாரையும் கேட்காமல் நானே கேட்டுவிட்டேன், உடைந்த ஹிந்தியில். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை உமாவைப் பார்த்துக்கொள்வாரா என்று.

ஆன்ட்டி பொங்கலை விரலால் வழித்தபடி: "அச்சா. லேகின் பின் நஹி. மை லங்கோட் பாந்தூங்கி." ஊக்கே வேண்டாம், நாடா வைத்துத் தைத்த லங்கோட் கட்டுவாராம். நான்கு பிள்ளைகளுக்கும் அதுதானாம்.

கணவரிடம் சொன்னேன். "ஒன் இஷ்டம். ஏதாவது ஆச்சுன்னா என்னக் கேக்காத."

சம்மதமா இது? எதுவானாலும் சரி.

ஜனவரி 19, சனி

லங்கோட் எட்டு தைத்தாயிற்று. ஒத்திகையாக உமாவை ஒரு மணி நேரம் கீழே விட்டேன். மேலே வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. காய்ந்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 21, திங்கள்

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஆபீஸில் என் டைப் மிஷினில் வேறு யாரோ ரிப்பன் மாற்றியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் ஒன்பது தப்பு. பதினொரு மணிக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. பாத்ரூமில் நின்று பிழிந்தேன். யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஆறேகால். ஆன்ட்டி மடியில் உமா சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி ஒரே அழுகை. "சுபஹ் ஸே ஏக் பார் நஹி ரோயி" என்றார் ஆன்ட்டி. காலையிலிருந்து ஒரு தடவை கூட அழவில்லையாம்.

வாங்கி அணைத்தேன். அவள் லங்கோட் நனைந்திருந்தது. என் ரவிக்கையும். இரண்டு பேருக்கும் துணி மாற்ற வேண்டும்.