வசூலுக்குப் போன மாமா

12.11.2008, புதன்

பில் கலெக்டராக இருந்து ரிடையர் ஆன தணிகாசலம் மாமா, எடுக்காத லீவுக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டுப் போன வாரம் வந்தார். பேரூராட்சியில் பணமில்லை. கணக்கு பார்க்கும் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"வீட்டு வரி வந்தாதான் மாமா. நீங்களே போயி வசூல் பண்ணுங்களேன்" என்றேன். ஆபீசே சிரித்தது.

இன்று பார்த்தால், புது பில் கலெக்டரோடு மாமா மழையில் குடை பிடித்து வீடு வீடாக ஏறி இறங்குகிறார்.

"மாப்ள, உன் யோசனைதான். நாலு வீட்டுல கட்டிட்டாங்க! சிதம்பரத்துல பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் பேசிடட்டுமா?"

"பாத்துக்கலாம் மாமா" என்று நழுவி வந்துவிட்டேன்.

வரும் வரியில் முதலில் எங்கள் சம்பளத்தைத்தான் எடுப்போம். மிஞ்சினால்தான் அவருக்கு. ஆக, மாமா நனைவது என் சம்பளத்துக்காக. நாளைக்கு மேலத் தெருவுக்குப் போகிறாராம்.