இடிக்குப் படுத்த பெட்டி

2024 ஒக்டோபர் 14, காலை 6.10. இணைப்பில் 37 போன்கள்.

கொஸ்லந்தப் பக்கத் தேயிலைத் தோட்டத்து மேட்டில் நாங்கள் நட்ட சோலார் பெட்டி ஓகஸ்டிலிருந்து ஓடுகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சிக்னல் அதில்தான். மண்சரிவு எச்சரிக்கையும் அதில்தான். பற்றரி சின்னது. அதனால் நான் எழுதிய கணினி மொடல், போன்களின் போக்கைக் கற்று, யாருமில்லை என்று கணித்தால் பெட்டியை இரண்டு மணி நேரம் உறங்க வைக்கும். நன்றாகவே மிச்சம் பிடிக்கிறது. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெள்ளிக்கிழமை மாநாட்டுக்குப் போக வேண்டும்.

ஒக்டோபர் 15

பதுளையில், தோட்டத்துப் பக்கம், பேய் மழையாம். வேறொன்றுமில்லை.

ஒக்டோபர் 16

பிரசாந்தினி அக்காவின் அழைப்பு. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் பார்ப்பவர். எச்சரிக்கை வந்தால் லயத்தைக் கிளப்புவதும் அவர்தான்.

"ஏங்க தம்பி, ஒங்க பெட்டி நல்லா தூங்குச்சா? நாங்க தூங்கலீங்க."

நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு இடர் முகாமை நிலையம் அனுப்பிய எச்சரிக்கை அவருக்கு வந்தது 4.20க்கு. அதற்குள் மண் இறங்கி லயத்தில் இருக்கும் குணமணியின் குசினிச் சுவரை உடைத்துவிட்டது. குணமணி கொழுந்து நிறுக்கப் போயிருந்தார். அதனால் பிழைத்தார். அதனால் மட்டும்தான்.

பெட்டியின் உறக்கத்தை இங்கிருந்தே நிறுத்தினேன்.

ஒக்டோபர் 17

அன்று பெட்டி உறங்கப்போன 2.20க்கு ஒரு போன்கூட இணைப்பில் இல்லை. பட்டப்பகலில் எல்லாரும் எங்கே போனார்கள்?

என் ஆய்வு மேற்பார்வையாளர் குமாரசிங்கம் சேர்: "அந்த ஒரு நாளை விலத்திப்போட்டு அனுப்பும். கருவி பிழையெண்டு எழுதலாம்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஒக்டோபர் 18

காலையில் ஒரு இடி. உம்மா ஓடி வந்து லெப்டொப் வயரைப் பிடுங்கினா, போனைப் பறித்து அணைத்தா. "மின்னல் அடிச்சி மவுத்தாகப் போறியா?" கத்த வாயைத் திறந்தவன், போனைத் திரும்ப வாங்கிப் போட்டேன்.

அக்காவுக்கு அடித்தேன். அன்று இடியா?

"ஆமாங்க, பயங்கர இடி. லயம் பூரா போனை ஓஃப் பண்ணிட்டோம். மூணுக்கு முன்னமே நான் திரும்பப் போட்டேன், சிக்னலே இல்ல."

மொடல் கற்றது முழுக்க ஓகஸ்ட் வெயிலில். அதற்கு இடி தெரியாது. எனக்குத் தெரியுமே! பிறந்ததிலிருந்து உம்மா வயர் பிடுங்குறா. மனுசர் பயந்து போனை அணைத்த நேரம், ஆளில்லை என்று படுத்துவிட்டது என் பெட்டி. சீ.

கட்டுரையை அனுப்பவில்லை. சேரிடம் சொன்னேன். "அடுத்த வருசம்தான் இனி," என்றார். இருக்கட்டும்.

இனி:

1. நாளை முதல் பஸ்ஸில் பெரிய பற்றரியோடு போவது.
2. குணமணியிடம் நேரில் சொல்வது: பழுது பெட்டியில் இல்லை, என்னில்.
3. 15ஆம் திகதியை விலத்தாமல் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே போடுவது.
4. பெட்டியோடு இணைத்து, எச்சரிக்கை வந்தால் தானாக ஊத, மடுவத்துக் கூரையில் ஒரு சைரன். இடி இடித்தால் அவர்கள் போனை அணைக்கட்டும்.