ஷட்டருக்கு வெளியே நின்றவளுக்கு

இன்று காலை கம்பெனிக்குள் நுழையும்போது, கம்பூட்ஸைக் கழுவ வாசலில் வைத்திருக்கிற குளோரின் தொட்டியில் கால் வைத்தேன். அந்த வாடை சுள்ளென்று மூக்கில் ஏறியது. வருஷம் முழுக்க மிதிக்கிற தொட்டிதான். ஆனால் ஐப்பசி மழை தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு வெளிநாடு போகிற இறால் சரக்குக்காக ஆள் கூட்டுகிற இந்த நாட்களில் மட்டும், அந்த வாடைக்குள் ரத்த வாடையும் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த பெண்கள், மேடத்துக்கு மயக்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ இல்லாத முதல் சீசன் இது.

நாம் இருவரும் பழைய கம்பெனியில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பனங்காட்டுப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் மகள். இறாலைத் தொட்டதும் வாந்தி எடுத்தேன். நீ கீழவைப்பார்க் கடற்கரைக்காரி, என் பங்கையும் சேர்த்து உரித்துவிட்டு, "ஏளா சொர்ணம், இது ஒன்னக் கடிக்காது" என்று சிரித்தாய். பதினோரு வருஷத்தில் நான் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனேன், நீ ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆனாய். எந்த லைனில் எத்தனை கிலோ என்று நான் சார்ட் போடுவேன். யாருக்குக் கை மரத்திருக்கிறது, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று நீ பார்ப்பாய். "சீசன்ல கைதான் ஓடணும், மனுசி ஓடக் கூடாது" என்பாய். நாம் இருவரும் சேர்ந்தால்தான் ஒரு முழு மேனேஜர் என்று அப்போதே எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பதினோராம் வருஷச் சீசனில் முதலாளி, நம்மால் முடிகிறதைவிட இரண்டு கண்டெய்னர் கூடுதலாக ஒத்துக்கொண்டு வந்தார். "இது போச்சுன்னா அந்தப் பார்ட்டி அடுத்த வருசம் நம்ம பக்கம் திரும்ப மாட்டான், சொர்ணம்" என்றார். நான் தலையாட்டினேன். உன்னிடம் வந்து சொன்னபோது நீ கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தாய்.

"தலைய ஆட்டிட்டு வந்துட்டியா? நம்மகிட்ட இருக்கது நூத்தி இருவது கையி. அவரு கேக்கது எரநூறு. மிச்சக் கைக்கி எங்க போவ?"

நான் கனகராஜிடம் போனேன். ஆள் கூட்டிவருகிற காண்ட்ராக்டர். கொற்கைப் பக்கத்திலிருந்து வயல்வேலை பார்க்கிற பெண்களை வேனில் அடைத்துக் கொண்டுவந்தான். முதல் நாளிலிருந்தே அவன் கையில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் துண்டு இருந்தது. மேசையில் அதைத் தட்டிக்கொண்டே பெண்களின் முதுகுக்குப் பின்னால் நடப்பான். சில நேரம் மேசையில் தட்ட மாட்டான். நீ என்னிடம் இரண்டு தடவை சொன்னாய். இரண்டு தடவையும் நான், "சீசன் முடியட்டும்" என்றேன்.

கடைசி கண்டெய்னர் நாள். மாலை ஐந்து மணிக்குள் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். கொற்கைக்காரி செல்லத்தாயிக்குக் குளிரில் விரல் மடங்கவில்லை. கையிலிருந்த டிரே நழுவி இறால் தரையில் சிதறியது. கனகராஜ் ஹோஸைக்கூடத் தேடவில்லை. விழுந்த ஸ்டீல் டிரேயை எடுத்து, அதன் விளிம்பால் அவள் காதோடு சேர்த்து அடித்தான். மடல் கிழிந்து தொங்கியது. பக்கத்து டிரேயிலிருந்த இறால்மேல் ரத்தம் கொட்டியது.

அந்த நிமிஷத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எது என்று உனக்குத் தெரியும். "அந்த டிரேய ஓரமா எடுத்து வை, மத்ததோட கலந்துரும்."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவன் கையிலிருந்த டிரேயைப் பிடுங்கி அவன் வாயில் அடித்தாய். பல் ஒன்று தெறித்து ஐஸ்மேல் விழுந்தது. அவன் உன் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து மேசையில் மோதினான். நீ நெற்றியில் ரத்தத்தோடு நிமிர்ந்து, அவன் மணிக்கட்டில் இன்னொரு அடி கொடுத்தாய். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனான்.

"வெளிய வருவல்லா, அங்கன வச்சிப் பாத்துக்கிடுதேன்" என்று வாசலில் நின்று சொன்னான்.

"போலீஸுக்குப் போனப் போடுளா" என்றாய் நீ.

"கண்டெய்னர் போயிரட்டும். போனதும் போடுதேன்."

நீ செல்லத்தாயியின் காதில் பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாய்.

மூன்று மணி இருக்கும். மழை விட்டிருந்தது. பாதிச் சரக்கு ஏறியிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் அலறிய சத்தம்தான் முதலில் கேட்டது. கையில் கட்டோடு கனகராஜ் வந்தான். கூட நாலு பேர். மூன்று பேரிடம் கம்பி, ஒருவனிடம் அருவாள். லோடிங் மேடையில் நீ, நான், பெட்டி தூக்குகிற பெண்கள்.

"பிள்ளியள உள்ள கொண்டு போ!" என்று கத்தினாய். நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். நீ கண்டெய்னர் பக்கம் ஓடினாய். உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கிழவர் வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாமல் நின்றார். அவரைக் கண்டெய்னர் கதவிடுக்கு வழியாக இழுத்து, எங்கள் பக்கம் தள்ளிவிட்டாய். அப்போது எனக்கும் உனக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

நான் லோடிங் வாசல் ஷட்டரின் சங்கிலியை இழுத்தேன்.

பட்டனில் இறங்குகிற ஷட்டர் என்றால் கை பதறி அழுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது சங்கிலி. கை மாற்றிக் கை மாற்றி இழுக்க வேண்டும். முதலில் உன் முகம் மறைந்தது. பிறகு இடுப்பு. கடைசியாக உன் வெள்ளைக் கம்பூட்ஸ் இரண்டும் என் பக்கமாக ஓடிவருவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் இழுத்தேன்.

வெளியே கம்பி ஷட்டரில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு வேறு எதிலோ படுகிற சத்தம். நீ கத்தவில்லை, கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாய். செல்லத்தாயி காதுக் கட்டோடு பாய்ந்து வந்து சங்கிலியை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. என் கையைக் கடித்தாள். அப்போதும் விடவில்லை. உன் திட்டு ஒரு இடத்தில் நின்றது.

அடுத்த குடோனில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கொக்கியோடு ஓடிவந்ததால் கனகராஜும் கூட வந்தவர்களும் ஓடிப்போனார்கள். ஷட்டரைத் தூக்கியபோது நீ மேடைச் சரிவில் கிடந்தாய். முழங்கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இடது கண் இருந்த இடம் வீங்கி மூடியிருந்தது. ஆனால் அருவாள் உன் கையில் இருந்தது. அதை எப்படிப் பிடுங்கினாய் என்று நீ கடைசிவரை சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் போனதும் முதலாளி வந்தார். சரிவில் ரத்தத்தைக் குளோரின் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "கேஸு கீஸுன்னா சரக்க நிறுத்திருவான். ஈரத்துல வழுக்கி விழுந்துட்டாள்னு எழுதிரு" என்றார். என் கையெழுத்தில் எழுதினேன். ஸ்டேஷனிலிருந்து வந்தவரிடம், உள்ளே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். கண்டெய்னர் நாலே முக்காலுக்குக் கிளம்பியது.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள் வந்தேன். ஷட்டரைப் பற்றி நீ கேட்பாய் என்று வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு வந்தேன். நீயே ஆரம்பித்தாய்.

"ஷட்டர எறக்குனியே, அத விடு. உள்ள முப்பது பொம்பளைய இருந்தாவ. நானா இருந்தாலும் எறக்கிருப்பேன்."

நான் அழுதேன்.

"அழாத. நான் வழுக்கி விழுந்தேன்னு எழுதிருக்கியாமே?"

நான் தலையாட்டினேன்.

"நான் வழுக்கி விழலளா" என்றாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

பன்னிரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. சீசன் நல்லபடியாக முடிந்ததென்று முதலாளி எல்லோருக்கும் மக்ரூன் பெட்டி கொடுத்தார். அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். தின்னவும் செய்தேன். பதின்மூன்றாம் நாள் காலை செல்லத்தாயி கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. முந்தின நாள் கனகராஜ் அவள் வீட்டுக் கதவை உடைத்துப் புகுந்து, சாட்சி சொல்லக் கூடாது என்று அவள் புருஷனின் கையை உலக்கையால் அடித்து முறித்திருக்கிறான்.

"நீங்க பாத்ததச் சொல்லிருந்தா அவன் இன்னைக்கி உள்ள இருந்திருப்பான், மேடம்" என்றாள். சத்தம் போடவில்லை. குடைகூட இல்லாமல் திரும்பி நடந்தாள்.

நான் கையுறையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். நீ அங்கே பெஞ்சில் இருந்தாய், கக்கத்தில் கட்டையோடு, கண்ணில் கட்டோடு. செல்லத்தாயி என்னிடம் வருவதற்கு முன்பே உன்னிடம் வந்திருக்கிறாள், இப்போது உன் பக்கத்தில் நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸ், காது, வாட்ச்மேன், கம்பி, ஷட்டர், பொய்யாக எழுதிய ரிப்போர்ட். எழுதிக்கொண்டிருந்தவர் நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "ஒங்களுக்கு எதிராயும் வரும்மா இது" என்றார். எழுதுங்கள் என்றேன்.

வெளியே வந்ததும் கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு என்னை அறைந்தாய். என் மூக்குக்கண்ணாடி தெருவில் போய் விழுந்தது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்குன்னு தெரியுதா?"

"ஷட்டருக்கு."

"இல்ல. அந்தப் பிள்ளைக்கிக் காது கிழிஞ்சி நிக்கையில, டிரேய ஓரமா எடுத்து வைன்ன பாத்தியா, அதுக்கு." பிறகு குனிய முடியாமல் கட்டையால் என் கண்ணாடியைத் தள்ளிக்கொடுத்தாய். "வா, பசிக்கி."

எதிர்க்கடையில் செல்லத்தாயியையும் உட்காரவைத்து பரோட்டா தின்றோம். மெல்லும்போதெல்லாம் எனக்குத் தாடை வலித்தது. நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். சால்னாவை என் இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாய்.

கனகராஜ் ஜெயிலுக்குப் போனான். அதற்கு வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தோம். முதலாளி நம் இருவரையும் ஸ்டேஷனுக்குப் போன அன்றைக்கே அனுப்பிவிட்டார். நான் இன்றும் வேலை பார்க்கிற இந்தச் சின்னக் கம்பெனியில் நாம் சேரும்போது, பெண்களின் முதுகுக்குப் பின்னால் காண்ட்ராக்டர் எவனும் நிற்கக் கூடாது என்று நீ கேட்டு எழுதி வாங்கினாய். ஒற்றைக் கண்ணோடு, காலை இழுத்து இழுத்து, ஆறு சீசன் என்னோடு நின்றாய். ஒரு தடவைகூட நாம் அந்த ஷட்டரைப் பற்றிப் பேசவில்லை. போன தவக்காலத்தில் மூன்றே நாள் காய்ச்சல். நான் கீழவைப்பாருக்கு வந்து சேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

இந்த வருஷமும் ஆர்டர் கூடுதல்தான். நீ இல்லாமல் ஆளைப் பார்க்கிற வேலையையும் நானே பார்க்கிறேன், பாதிதான் தெரிகிறது. போன வியாழக்கிழமை, பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர், லேபிள் மாற்றி ஒட்டிய ஒரு பெண்ணைச் "சவத்த மூதி" என்று திட்டிக் கன்னத்தில் அறைந்தான். இரண்டாவது அடிக்குக் கை ஓங்கினான். இத்தனை வருஷமாகச் சார்ட் எழுதுகிற என் கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருப்பதை நான் பிறகுதான் பார்த்தேன். அவன் உதறினான். என்னை ஃப்ரீசர் கதவில் மோதினான். என் சுட்டுவிரல் பின்பக்கமாக மடங்கியது. நான் விடவில்லை. இன்னும் முறுக்கினேன். அவன் எலும்பு முனகுவது என் உள்ளங்கையில் தெரிந்தது. இன்னும் ஒரு திருப்பு திருப்பினால் உடையும் என்றும் தெரிந்தது. உடைக்க ஆசையாக இருந்தது. அந்த ஆசையைக் கண்டு நானே பயந்து கையை விட்டேன்.

லைனை நிறுத்தச் சொன்னேன். முதலில் போலீஸுக்குப் போன் செய்தேன், பிறகுதான் இந்தக் கம்பெனி முதலாளிக்கு. போலீஸ் வந்து விசாரித்து, எழுதி முடிக்கிறதற்குள் கப்பலுக்கான நேரம் தாண்டிவிட்டது.

"ஒரு அடிக்காக ஒரு கப்பல விட்டுட்டியளே, மேடம்" என்றார் முதலாளி.

"ஆமா" என்றேன். வேலை இருக்குமா, போகுமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அடி வாங்கின பெண் மறுநாளும் வேலைக்கு வந்தாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள்.

விரலில் கட்டுப் போட்டிருக்கிறது. இதன் முதல் வரியை எழுதி நாலு நாள் ஆகிவிட்டது. உன் நாற்பதாம் நாள் பூசையில் எல்லோரும் உன் பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். இவர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். உன்னிடம் பொறுமை கிடையாது. என்னிடம்தான் அது வேண்டிய மட்டும் இருந்தது, அடுத்தவர் வலியைப் பொறுத்துக்கொள்கிற பொறுமை. நீ எனக்கு விட்டுவிட்டுப் போனது கோபம். எனக்கு அது மெதுவாகத்தான் வரும். பன்னிரண்டு நாள் கழித்தெல்லாம் வந்திருக்கிறது.

இந்தத் தடவை நேரத்துக்கு வந்துவிட்டது.