மூன்றாம் சுற்றில் நின்றுபோன ஆரத்தித் தட்டைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
மு. பொன்னையா,
(ஓய்வுபெற்ற தேயிலை ஆலைத் தொழிலாளி, ஜீவராணியின் தாய்மாமன்),
நடு லயம், வெள்ளைமலைத் தோட்டம்,
பசறை.

பெறுநர்:
உயர்திரு பாதுகாப்புப் பிரிவு முகாமையாளர் அவர்கள்,
பன்னாட்டு விமான நிலையம்.

விடயம்: வருகை வாசலில் கைப்பற்றப்பட்ட பித்தளைத் தட்டு தொடர்பானது

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் நிலையத்தின் வரலாறு அறியாதவன் எழுதும் மனு அல்ல இது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் சண்டை விமானம் இறக்க அங்கே ஓடுபாதை போட்டபோது, அவன் குடித்த தேநீர் எங்கள் மலையிலிருந்து போனது. அது இல்லாவிட்டால் அந்தப் பாதை ஒரு முழம்கூட நீண்டிருக்காது என்பது என் ஆராய்ச்சி முடிவு. இன்று வானத்தில் காக்கைக்கும் இடமில்லாதபடி விமானங்கள் இறங்குகின்றன, ஏறுகின்றன. வளைகுடாப் பக்கம் போகிற விமானம் எதுவும் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியாவது இல்லாமல் கிளம்பியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே உரிமையோடு எழுதுகிறேன், பொறுத்தருள்க.

2. என் அக்காள் ராசம்மாவின் மகள் ஜீவராணி குவைத்தில் வீட்டு வேலை செய்து கடந்த மாதம் திரும்பினாள். அவளை அழைத்துவர மபாஸ் தம்பியின் வேனில் எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுவதுமே ஏறிவிட்டது. ஏறாமல் நின்றவை கோழிகள் மட்டும்தான், அவற்றிலும் ஒன்று முயன்று பார்த்தது.

3. இனி எங்கள் பிழையைச் சொல்கிறேன். போன முறை ஜீவராணி விடுமுறையில் வந்தபோது, வழக்கப்படி வீட்டு வாசலில்தான் ஆரத்தி எடுத்தோம். ஒரு மாதம் முடிவதற்குள் திரும்பவும் பறந்துவிட்டாள். அக்காள் அதை ஆறாமல் யோசித்து, "கண்ணு பட்டது லயத்துல இல்லடா, அந்தக் கண்ணாடி வாசல்லதான். அங்கயே சுத்திப் போட்டாத்தான் புள்ள நிப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் தீர்ப்புக்கு மேல்முறையீடு எந்த நீதிமன்றத்திலும் கிடையாது.

4. அப்படியே, தானாகத் திறக்கிற கதவுக்கு முன்னால், ஜீவராணி தள்ளுவண்டியோடு வெளியே வந்ததும், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீரில் வெற்றிலை மிதக்க, அதன்மேல் சூடம் ஏற்றி அக்காள் சுற்றத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றின் பாதியில் வானமே இடிந்ததுபோல் விசில் சத்தம். ஐந்து காவலர்கள் ஓடி வந்தார்கள். (காவலர்கள் ஐம்பது பேர் என்று வேனில் வந்தவர்கள் சொல்கிறார்கள்.) ஒருவர் தம் தண்ணீர்ப் போத்தலைச் சூடத்தின்மேல் கவிழ்த்தார். இன்னொருவர் அந்தச் சிவப்பு நீரை என்னவோ இரசாயனம் என்று எண்ணி, தட்டைக் கையுறையோடு ஏந்திச் சென்றார். அவர்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. எரிபொருள் நிரம்பிய இடத்தில் நெருப்புக் கொளுத்தியவர்கள் நாங்கள்தான். பரிசோதித்துத் தருகிறோம் என்றார்கள். காத்திருந்தோம். ஆள் மாறியது, புதிதாக வந்தவருக்குத் தட்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வேனை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வந்துவிட்டோம்.

5. தட்டுத்தானே, வேறொன்று வாங்கக் கூடாதா எனத் தாங்கள் கேட்கலாம். நானும் அதையே கேட்டேன். பசறையில் முகம் பார்க்கக்கூடிய பளபளப்பில் ஒன்று வாங்கியும் கொடுத்தேன். "தொடங்கின தட்டுலதான் முடிக்கணும், இல்லாட்டி சுத்தினதெல்லாம் புள்ள தலையிலேயே நிக்கும்" என்று அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவரை மகளை வாசற்படி மிதிக்க விடமாட்டாளாம்.

6. இதனால் ஜீவராணி இப்போது என் காம்பிராவில், அதாவது என் லயத்து அறையில், இருக்கிறாள். அக்காள் அடுத்த காம்பிராவில் இருக்கிறாள். நடுவே மழைநீர் ஓடும் ஒரு கான், ஆடு தாண்டும் அகலம். அக்காள் அந்தப் பக்கம் நின்று சோறு நீட்டுகிறாள், மகள் இந்தப் பக்கம் நின்று வாங்குகிறாள். "உப்பு பத்துதா?" என்று ஒரு குரல், "பத்துதும்மா" என்று ஒரு குரல். குவைத்திலிருந்து பேசியபோதும் இதையேதான் பேசினார்கள் ஐயா. எனக்குத் தூக்கமில்லை. முற்றத்தில் நான் நடந்த நடையை நேராக வைத்தால் மலை இறங்கி மட்டக்களப்புக் கடலில் விழுந்திருப்பேன்.

7. விளையாட்டாக எழுதுவதாக எண்ண வேண்டாம். அவளைக் குவைத்துக்கு அனுப்பிய முகவர் மறுபடியும் தொலைபேசி எடுக்கிறார். வேலைக்குப் புதிய வீடு தயாராம், விசா தயாராம். ஜீவராணி போவதாகவும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. கொண்டுவந்த பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை. சொந்த வீட்டுக்குள் நுழையாத பிள்ளைக்கு இருக்கவும் தெரியாது, போகவும் தெரியாது. அக்காள் சுற்றிப் போட நினைத்ததே அவள் போகாமலிருக்கத்தான். அந்தச் சுற்றே இப்போது அவளை வெளியில் நிறுத்தியிருக்கிறது.

8. அடையாளம்: பழைய பித்தளைத் தட்டு. அடியில் "ரா" என்று ஆணியால் குத்தியிருக்கும். விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. ஜீவராணி நடை பழகியபோது அதன்மேல் விழுந்ததில் உண்டான நெளிவு அது. தயவுசெய்து யாரும் அதைத் தட்டிச் சரிசெய்துவிட வேண்டாம்.

ஆகவே, அத்தட்டைத் தேடிக் கண்டுபிடித்துத் தருமாறு வேண்டுகிறேன். தாங்கள் ஒரு சொல் அனுப்பினால் நானே வந்து வாங்கிக்கொள்வேன். தனியாக வருவேன், சூடம் கொண்டுவர மாட்டேன், வேனில் கோழியும் இராது.

முகவர் மறுபடி அழைப்பதற்கு முன் தட்டு வந்தால் போதும் ஐயா. பெட்டியின் சாவியை ஜீவராணி தன் அம்மாவிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறாள். அதை வாங்கிப் பெட்டியைத் திறக்க அவள் கானைத் தாண்டி வீட்டுக்குள் போக வேண்டும்.

தங்கள் பதிலுக்காக முற்றத்தில் நடந்துகொண்டிருக்கும்,
மு. பொன்னையா

இடம்: பசறை
திகதி: 14.02.2025