உப்புப் பார்க்காமல்

பிப்ரவரி 11, செவ்வாய்

காய்ச்சல் விட்டுப் பதினாறு நாளாகிறது. மூக்கும் நாக்கும் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. காலையில் காபி வெறும் வெந்நீராக இறங்கியது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தேன். ஒன்றுமில்லை. "தானா வரும்மா. ஒரு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்" என்கிறார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர்!

ஆனால் இன்று ஒரு அதிசயம் நடந்தது. மதியம் கத்திரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு. கைகழுவப் போகும்போது என் வீட்டுக்காரர், "நல்லா இருக்கு ராசாத்தி" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை! புளி தூக்கல், பூண்டு போதாது, போன வாரம் வைத்தது இதைவிடத் தேவலை, இப்படித்தான் கேட்டுப் பழக்கம். மோட்டார் ரீவைண்டிங் கடையில் காயிலைப் பிரித்துக் கோளாறு தேடுகிற அதே முகத்தோடுதான் தட்டுக்கு முன்னாலும் உட்காருவார். மனிதருக்கு என்ன ஆயிற்று?

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றும் "நல்லா இருக்கு". நோயில் விழுந்து எழுந்தால்தான் பெண்டாட்டி அருமை தெரியும் போல.

பிப்ரவரி 22, சனி

மகள் தர்ஷினி தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருந்து வந்தாள். முதல் வாய் வைத்ததும் சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடித்தாள்.

"அம்மா, ஒரே உப்பு! எப்படிப்பா சாப்பிடறீங்க இதை?"

"பேசாம சாப்பிடு பாப்பா" என்றார் இவர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் இவர் வண்டிப் பெட்டியில் ரேஷன் கார்டைத் தேடினேன். தயிர்சாதப் பொட்டலம் கட்டிய காகிதம், ஒன்றல்ல, நாலைந்து. அப்போ இவ்வளவு நாளும்? இங்கே ரெண்டு வாய் தின்னுட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, கடைக்குப் போய்... நான் ஒரு கூமுட்டை, அதைக் கேட்டுப் பூரிச்சுப் போனேனே. நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? அழுகையா வருது.

பிப்ரவரி 24, திங்கள்

"ஒண்ணாம் தேதியிலிருந்து மெஸ்ல கேரியர் சொல்லிடலாமா? நீயும் கொஞ்சம் ஓய்வெடு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், என் மனது நோகக் கூடாதென்று.

நல்ல எண்ணம்தான், தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கேரியர் ஒருமுறை வாசலேறிவிட்டால், அதன் பிறகு அடுப்புப் பக்கம் போக எனக்கே பயம் வந்துவிடும். நாக்கு திரும்பி வந்தாலும் அந்தப் பயம் போகாது. "மார்ச் மாசம் மட்டும் பொறுங்க. அப்பவும் சரியா வரலைன்னா நானே மெஸ்ஸுக்குப் போன் பண்றேன்" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை ரம்ஜான் நோன்பு தொடங்கிவிட்டது. தையல் கடையில் எனக்குப் பக்கத்து மெஷின் சம்ரீனுடையது. பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நோன்பு மாதம் மட்டும் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாள், கஞ்சி காய்ச்ச வேண்டுமே.

இன்று திடீரென்று உறைத்தது. "ஏன் சம்ரீன், நோன்போட இருக்கும்போது கஞ்சிக்கு உப்பு எப்படிப் பார்ப்ப?"

"எங்கேக்கா பார்க்கறது? நான் வாயில வைக்க மாட்டேன். கை போடறதைப் போட்டுட்டு விட்டுருவேன். நோன்பு திறக்கும்போதுதான் எனக்கே தெரியும்."

"தப்பாப் போனா?"

"மொத வருஷம் போச்சு. மாமியார் ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது கிண்ணம் வாங்கலை, அவ்வளவுதான்." சிரித்தாள். "நீங்க இப்ப எப்படிப் போடறீங்க?"

சொன்னேன். வழக்கம்போல உப்பைப் போடுவேன். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்குவேன். ஒன்றும் தெரியாது. இன்னும் கொஞ்சம் போடுவேன். மறுபடி நக்குவேன்.

மெஷினை நிறுத்திவிட்டாள். "அப்ப உங்க கை சரியாத்தான்க்கா போடுது. அப்புறம் போய் நாக்கைக் கேட்கறீங்க பாருங்க, அங்கதான் கெடுது."

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மார்ச் 5, புதன்

தோற்றேன். பாழாய்ப்போன கை, கரண்டியை எடுத்ததும் தானாக உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டது. தெரியவில்லையே என்று இன்னொரு பிடி உப்பு. இவர் "நல்லா இருக்கு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 12, புதன்

குழம்பில் கல்லுப்பை ஒரே பிடி போட்டேன். ஜாடியை மூடிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டேன். இறங்கி வந்தபோது சளசளவென்று கொதித்த சத்தம் அடங்கி, கெட்டியாகத் தளதளத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருந்தது. இந்தச் சத்தம் எனக்கு எத்தனை வருடமாகத் தெரியும்! நாக்கில் வைக்காமல் இறக்கினேன்.

இவர் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை" என்றார்.

பரவாயில்லையாம்! 'நல்லா இருக்கு' இல்லை! சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மார்ச் 20, வியாழன்

மூக்கு அப்படியேதான். வண்டிப் பெட்டியில் காகிதம் இல்லை. எட்டு நாளாகப் பார்க்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

கெடு நாளையோடு முடிகிறது. கத்திரிக்காய் புளிக்குழம்பே வைத்தேன். உப்புப் பார்க்கவில்லை. இந்த முறை ஜாடியைப் பரணில் ஏற்றவும் இல்லை.

இவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னும் கொஞ்சம் சாதம் வாங்கினார். குழம்பை அவரே ஊற்றிக்கொண்டார். அப்புறம் முகத்தைச் சுளித்தார்.

"ஏன் ராசாத்தி, பார்த்து வாங்கக் கூடாதா? கத்திரிக்காய் ஒரே முத்தல். பூண்டு இன்னும் நாலு பல் போட்டா என்ன கொள்ளை போயிடும்?"

சொல்லி முடித்ததும் திடுக்கிட்டுப் போய்விட்டார். கை தட்டிலேயே நின்றுவிட்டது. "இல்ல... நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை..."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முத்தல்" என்றார். "புளியும் ஒரு பொட்டுத் தூக்கல்."

அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இவர் தட்டுக்கு முன்னால் இருந்தபடியே சத்தமாகக் கேட்டார்: "குழம்பு மிச்சம் இருக்கா? ராத்திரிக்கு தோசை ஊத்து, அதையே தொட்டுக்கலாம்."

மெஸ்ஸுக்கு யாரும் போன் பண்ணவில்லை.