இன்னும் வராத நோய்க்கு

செவ்வாய், நவம்பர் 4

காலையிலிருந்து மழை. குடை அலுவலகத்தில். அரை நாள் விடுப்பு. மேலாளரிடம் சொன்ன காரணம் பல்வலி.

மருத்துவமனையில் இரண்டாவது சந்திப்பு. டாக்டர் தமிழ்ப் பெண். நான்கு மாதமாக நடப்பதை மறுபடி சொல்லச் சொன்னார். பின்னால் யாரோ 'ஹேமா' என்று கூப்பிடுவது, திரும்பினால் யாரும் இல்லாதது. எம்ஆர்டி ரயிலில் எதிரே சிரிப்பவர்கள் என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுவது. அப்படி இல்லை என்று தெரியும். பெரும்பாலும் தெரியும்.

'பெரும்பாலும்' என்பதை எழுதிக்கொண்டார்.

"இது நோய்னு நான் சொல்லல ஹேமா. வர்ற ரிஸ்க் இருக்குன்னு சொல்றேன். நிறைய பேருக்கு வராமலே போயிடும். யாருக்கு வரும்னு எங்களால முன்னாடியே சொல்ல முடியாது."

"அப்போ மருந்து எதுக்கு?"

"முதல்ல வாரா வாரம் கவுன்சலிங். மருந்து கட்டாயம் இல்ல. வேணும்னா ரொம்பக் குறைஞ்ச அளவுல கொஞ்ச நாள் பாக்கலாம். வீட்ல பேசிட்டு சொல்லுங்க."

வீடு என்றால் அக்கா மட்டும்தான்.

வியாழன், 6

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மாத்திர தர்றேன்னாங்கல்ல? வாங்கிச் சாப்பிடு."

"கட்டாயம் இல்லன்னாங்க."

"சித்தப்பாவ நீ பாத்ததில்ல ஹேமா. நான் பாத்திருக்கேன்."

அப்போது அக்காவுக்குப் பத்து வயது. நான் கைக்குழந்தை. சித்தப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார், பிறகு வேலைக்குப் போகவில்லை, பிறகு அறையை விட்டே வரவில்லை. சோம்பேறி என்றார்களாம். மருத்துவரிடம் போனபோது இரண்டு வருடம் ஓடிவிட்டது.

டாக்டரை ஃபோனில் கூப்பிட்டேன். மருந்துக்குச் சரி என்றேன்.

சனி, 15

வெயில். மாத்திரை எட்டாம் நாள்.
- தூக்கம் நன்று. எழுவதுதான் பாடு.
- ஓயாத பசி. பாவாடை இடுப்பில் இறுக்கம்.
- பெயர் கூப்பிடுவது: இந்த வாரம் இரண்டே முறை. முன்பு தினமும்.

மாத்திரையாலா, தூக்கத்தாலா, கவுன்சலிங்காலா? தெரியவில்லை.

தேக்கா சந்தைப் பக்கம் தீபாவளி விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். வெண்டைக்காய், தயிர் வாங்கினேன். அக்கா தினமும் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கிறாள். நான் பார்க்காதபோது என்று நினைப்பு.

திங்கள், 24

கால்கள். உட்கார முடியவில்லை. வலியும் இல்லை, உள்ளே யாரோ நடக்கச் சொல்வது போல. ஏர்கான் குழாய் வரைபடம் ஒன்றை முடிக்க நாள் முழுக்க ஆனது. பக்கத்து மேசை முருகன், திருச்சிக்காரர்: "ஏங்க, உக்காரவே மாட்டீங்களா? நாற்காலியில எறும்பா?"

சிரித்தேன். கழிப்பறையில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

இரவு மாத்திரையைக் கழுவுதொட்டியில் போட்டேன். அட்டையில் கணக்குச் சரியாக இருக்கும்.

சனி, 29

ஆறு நாளாக மாத்திரை கழுவுதொட்டிக்குத்தான். கால்கள் பரவாயில்லை. அக்கா முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

செவ்வாய், டிசம்பர் 2

மழை. அக்காவும் வந்தாள். மாத்திரையைக் கொட்டியதை அவள் முன்னாலேயே டாக்டரிடம் சொன்னேன்.

"பொய் சொன்னியா?" என்றாள் அக்கா. சத்தம் இல்லாமல்.

டாக்டர் கோபப்படவில்லை. கால் தவிப்பு மருந்தால்தான் என்றார். "அன்னிக்கே கூப்பிட்டிருக்கணும் ஹேமா. நீங்களா நிறுத்தக் கூடாது. இப்போதைக்கு மருந்து வேணாம். கவுன்சலிங் தொடரட்டும். குரல் கேக்கறது கூடுச்சுன்னா அன்னிக்கே வாங்க, வேற மருந்து பத்திப் பேசலாம்." எந்தெந்த மாற்றம் தெரிந்தால் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினார். தாளை அக்கா வாங்கி மடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அக்கா கேட்டாள்: "எங்க சித்தப்பாவுக்கு அப்பவே இத குடுத்திருந்தா?"

"தெரியலங்க," என்றார் டாக்டர்.

ரயிலில் ஆங் மோ கியோ வந்து சேர்ந்தோம். வீட்டு லிஃப்டில் அக்கா அழுதாள். நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி, 5

புழுக்கம். அலுவலகத்தில் வரைபடம் ஒப்புதல் ஆனது.

மாலை, அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"இன்னிக்கு?"

"ஒரு தடவ. பஸ் ஸ்டாப்ல."

கத்தி நின்றது. "யாரும் இல்லன்னு தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

"பயமா இருந்திச்சா?"

"இருந்திச்சு லா."

தலையாட்டினாள். நறுக்காத காயில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.